உள் வினவலின் $1: எண்ணைத் திருத்துவதா, எண்ணியைப் பகிர்வதா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு எழுதும் வினவலில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் $1, $2 என்று எண்ணிட்ட குறிகள் நிற்கும்; மதிப்புகள் தனிப் பட்டியலாகப் போகும். அந்த வினவலைக் கட்டித்தரும் லைப்ரரியில், உள்ளே வரும் சப்குவெரியை, அதாவது உள் வினவலை, தனியாகக் கம்பைல் செய்தால் (எஸ்கியூஎல் உரையாக மாற்றினால்) அதுவும் $1 என்றே தொடங்கும். வெளியே ஏற்கெனவே ஒரு $1 இருக்கும். ஒட்டியதும் இரண்டும் ஒரே மதிப்பைச் சுட்டும்.

முதல் வழி, ஒட்டும்போது ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடி மாற்றும் கருவி) வைத்து உள் எண்களை வெளி எண்களுக்கு அடுத்த எண்களாக மாற்றிவிடுவது. ஒரே ஃபங்ஷனில் வேலை முடியும், ரிவ்யூவும் சுலபம். ஆனால் மேற்கோளுக்குள் இருக்கும் '$1' வெறும் எழுத்து என்பது ரெஜெக்ஸுக்குத் தெரியாது. அதைச் சரிசெய்யப் போனால், பாதி எஸ்கியூஎல் பார்சரையே எழுத வேண்டிவரும்.

இரண்டாவது வழி, எண்ணியும் (அடுத்த குறிக்கு என்ன எண் என்று கணக்கு வைப்பது) மதிப்புப் பட்டியலும் கொண்ட ஒரே கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்டை வெளி, உள் வினவல்கள் எல்லாவற்றுக்கும் அனுப்புவது. குறியை எழுதும் அதே கணத்தில் மதிப்பும் பட்டியலில் சேரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இதன் அருமை தெரியும். அங்கே ? குறிக்கு எண்ணே இல்லை; மதிப்புகளின் வரிசை மாறினால் எண்ணிக்கை பொருந்தும், பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தப்பும். முதல் வழி இந்தச் சிக்கலைத் தொடவே தொடாது.

விலை? கம்பைல் ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். உள் வினவலின் உரையை மறுபடி பயன்படுத்த கேஷில் வைத்திருந்தால் அதுவும் போச்சு, ஏனென்றால் எண் இப்போது இடத்தைப் பொறுத்தது.

கையால் எழுதிய எஸ்கியூஎல்லை லைப்ரரி ஏற்காது என்றால், அவசரத்துக்கு முதல் வழி போதும். ஏற்கும் என்றால் இரண்டாவதுதான். எதுவானாலும், சப்குவெரிக்கு முன்னும் பின்னும் நிபந்தனை வரும் மூன்றடுக்கு டெஸ்ட் ஒன்றை முதலில் எழுதுங்கள்.