ரஷ்ய மொழிப் பட்டம்: தில்லியில் தொடங்குவதா, நேராக மாஸ்கோவுக்கா?

ரஷ்ய இலக்கியம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கேயே சேரலாமா, நேராக அங்கே போய்விடலாமா? நான் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை இரண்டும் ரஷ்யன் படித்தவள். நடுவில் பத்து மாதம் மாஸ்கோ புஷ்கின் ரஷ்ய மொழிக் கழகத்தில் இருந்தேன். என் பள்ளித் தோழி ஒருத்தி பன்னிரண்டாவது முடித்த கையோடு மாஸ்கோ போய், ஓராண்டு ஆயத்த வகுப்பில் மொழி படித்து, அங்கேயே இலக்கியத் துறையில் சேர்ந்தாள். இருவரையும் இந்தப் பக்கம் இழுத்தது ஒன்றுதான். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள், ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்களின் மொழிபெயர்ப்புகள்.

என் வாக்கு தில்லிக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தில்லியில் கட்டணம் குறைவு. ரஷ்ய அரசின் உதவித்தொகை கிடைத்தால் மாஸ்கோவிலும் படிப்புக் கட்டணம் இல்லை. விமானச் செலவும் அங்கே தங்கிச் சாப்பிடும் செலவும் பெரும்பாலும் நம்முடையவை. பேச்சுப் பழக்கத்தில் மாஸ்கோவுக்கு ஈடு கிடையாது, அதில் வாதமே இல்லை. கடைக்காரரும் பேருந்தில் பக்கத்தில் நிற்பவரும் ரஷ்யன்தான் பேசுவார்கள், காது தானாகப் பழகிவிடும். தில்லியில் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இந்தியும் ஆங்கிலமும்தான்.

முடிவைத் தீர்மானிப்பது வாசிப்பு. நாம் போவது இலக்கியம் படிக்க. அப்படியானால் எந்த வழியில் போனால் மூல மொழியிலேயே படிக்கிறோம்?

ஆயத்த வகுப்பு ஏறக்குறைய பத்து மாதம். அதன் முடிவில் வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வில் முதல் நிலையை எட்ட வேண்டும்; அதற்கு உரிய சொற்கள் சுமார் 2300. கல்லூரியில் சேர அது போதும். செப்டம்பரில் வகுப்புக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் இருப்பது ரஷ்யப் பிள்ளை. ‘போரும் அமைதியும்’ நாவலைப் பத்தாம் வகுப்பிலேயே பாடமாகப் படித்து முடித்த பிள்ளை. முதலாண்டில் செகாவும் தஸ்தயேவ்ஸ்கியும் வருவார்கள் என்று நினைத்தால் வருவது கிரேக்க இதிகாசம், நாட்டார் வழக்காறு, அப்புறம் பழைய தேவாலய ஸ்லாவிய மொழி. என் தோழிக்கு முதலில் கொடுத்தது ‘இலியட்’. அதுவும் 1829இல் வெளிவந்த கினேதிச்சின் மொழிபெயர்ப்பு. அந்த நடை இன்றைய ரஷ்யர்களுக்கே பழசு. 2300 சொற்களோடு போனவள் என்ன செய்வாள்? இரவில் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு படித்தாள். பாடத்துக்குப் பாடம் அதுவே வழக்கமாகிவிட்டது. தேர்வுகளில் தேறினாள், கெட்டிக்காரி. ஆனால் ரஷ்ய நாவல்களை ரஷ்யனில் படிக்கவென்று மாஸ்கோ போனவள், முதல் இரண்டு ஆண்டுகள் அவற்றை ஆங்கிலத்தில்தான் படித்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

தில்லியில் எழுத்திலிருந்து தொடங்குவார்கள். ரஷ்யன் ஒரு சொல்லும் தெரியாமல் சேரலாம். மெதுவாகத்தான் போகும், சில நாள் சலிப்பாகக்கூட இருக்கும். அந்த மெதுவில்தான் வினைச்சொல் பிடிபடுகிறது. ரஷ்ய வினைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும்: ‘சித்தால்’ என்றால் படித்தேன், ‘புரசித்தால்’ என்றால் படித்து முடித்தேன். ஆசிரியை இந்தியில் விளக்கினார், எனக்குத் தமிழில் விளங்கியது. நம்மிடம் ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ இல்லையா? ஏறத்தாழ அதுதான். வேற்றுமை உருபைப் பார்த்தும் தமிழ்ப் பிள்ளை பயப்பட வேண்டாம். அவர்களுக்கு ஆறு, நமக்கு எட்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் ‘ы’ ஒலிகூட நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான். ‘காசு’ என்று சொல்லிப் பார்த்தால் கடைசியில் கேட்கும்.

செகாவின் ‘ஒரு குமாஸ்தாவின் மரணம்’ கதையைப் பென்சிலோடு படித்தோம். ஒவ்வொரு வினைக்கும் மேலே அது எந்த வகை என்று குறிக்க வேண்டும். முதல் பக்கத்துக்கே ஒரு வகுப்பு முழுவதும் போயிற்று. குமாஸ்தா நாடக அரங்கில் தும்முகிறான். ‘சிஹ்நூல்’. நடுவில் வரும் அந்த ‘நூ’வுக்கு ஒரே ஒரு தடவை என்று பொருள். தமிழில் ‘தும்மினான்’ என்றால் ஒன்றா நாலா தெரியாது. ஒரே ஒரு தும்மலுக்காக அந்த மனிதன் செத்துப்போகிறான் என்பது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. அவன் பெயர் செர்வியக்கோவ். ‘செர்வியாக்’ என்றால் புழு. இதையெல்லாம் ஆங்கிலத்தில் படித்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

மாஸ்கோ விடுதியில் ஒரு மாலை, வாசலில் காவல் இருக்கும் அம்மா எங்களிடம் சொன்னார்: உங்களைப் பார்க்க ஒருவர் ‘பிரிகதீல்’. ஆயத்த வகுப்பில் இருந்த அறைத்தோழி, எங்கே என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. ‘பிரிஷோல்’ என்றிருந்தால் வந்திருக்கிறார், ‘பிரிகதீல்’ என்றால் வந்துவிட்டுப் போய்விட்டார். தில்லி வகுப்பில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தது அது.

குறை இல்லாமல் இல்லை. சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று காட்டும் குறியை ரஷ்ய அச்சில் போடமாட்டார்கள். ‘ஸாமக்’ என்றால் கோட்டை, ‘ஸமோக்’ என்றால் பூட்டு. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. புத்தகத்தில் படித்து வளர்ந்த எங்களுக்கு இந்தத் தவறு நெடுநாள் விடவில்லை. தோழிக்கு அந்தத் தவறு வரவே இல்லை.

வேலை விஷயத்தில் என் அனுபவம் குறைவு. நான் மொழிபெயர்ப்பு மட்டுமே செய்கிறேன், எழுத்துவழி. கூடங்குளம் போன்ற இடத்தில் பொறியாளர்களுக்கு நடுவில் நின்று உடனுக்குடன் வாய்மொழியாக மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தோழியின் கைதான் ஓங்கும் என்று நினைக்கிறேன். மாஸ்கோ இலக்கியத் துறை பற்றி நான் சொன்னதும் அவள் வாயால் கேட்டது. நான் அங்கே மொழி வகுப்பில் மட்டும்தான் உட்கார்ந்தேன். சென்னை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருக்கும் ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் முன்பே நன்றாக மொழி படித்துவிட்டவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் நேராகப் போகலாம்.

மற்றவர்கள் தில்லியில் சேருங்கள், இல்லாவிட்டால் ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் பத்து மாதம் மாஸ்கோவுக்குக் கேட்டு எழுதுங்கள். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வெளியே போக மனசு வராத அந்த நாட்களில்தான் நான் முதன்முறையாக ஒரு நாவலை அகராதி இல்லாமல் படித்து முடித்தேன்.