பழைய ஸ்விஃப்டில் மலிவு விலைக் காயில்ஓவர்: வேலூர்ச் சாலைகளில் நான்காம் ஆண்டு

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த காருக்கு அறுபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் காயில்ஓவர் சஸ்பென்ஷன் வாங்கலாமா என்று கேட்டால், பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதே என் பதில். நான் அதை வாங்கி, 2008-ஆம் ஆண்டு 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்டில் பொருத்தி, நான்காம் ஆண்டாக ஓட்டி வருகிறேன்; எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடிக்கும் காரணங்கள், குடும்பத்துக்கு ஒரே ஒரு பழைய கார் வைத்திருப்பவருக்குப் பயன்படக்கூடியவை அல்ல.

முதலில் பொருளைப் பற்றி. ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டி, அதன் மேல் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை ஏற்றி இறக்கும்படி செய்திருப்பார்கள். ஸ்விஃப்டின் முன்பக்கம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில் சேர்ந்திருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்பதால் அங்கே இந்த அமைப்பு முழுமையாகப் பொருந்துகிறது. பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் கம்பெனியிலேயே தனித்தனி இடங்களில் இருப்பவை. ஆகவே அங்கே குட்டையான ஒரு ஸ்பிரிங், உயரம் மாற்றுவதற்கு மரையுள்ள ஒரு அலுமினியத் தாங்கி, தனியாக ஒரு ஷாக் என்றுதான் பெட்டியில் வருகிறது. நான்கு சக்கரத்துக்கும் காயில்ஓவர் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஓட்டத்தில் தெரியும் மாற்றத்துக்கு முதன்மையான காரணம் ஸ்பிரிங்கின் கடினம். இந்த அளவுள்ள காரின் முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ இரண்டு கிலோ எடை போதும். எனக்கு வந்த ஸ்பிரிங்குக்கு ஐந்து கிலோ வேண்டும். ஒரு முன்சக்கரத்தின் மேல் நிற்கும் எடையைச் சுமார் 270 கிலோ என்று வைத்துக்கொண்டால், பழைய ஸ்பிரிங் 135 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும், புதியது 54 மில்லிமீட்டர்தான் அமுங்கும். கார் இயல்பாக மேலும் கீழும் ஆடும் வேகம் வினாடிக்கு 1.4 முறையிலிருந்து 2.1 முறையாக உயர்கிறது. பெரும்பாலான சாதாரணக் கார்கள் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி வடிவமைக்கப்படுபவை. அதற்கு மேல் போகப் போக, சாலையில் உள்ளதெல்லாம் இடுப்பில் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங் அமுங்கி நிற்கும் அந்தத் தூரம்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கிச் சாலையைத் தொடர்வதற்கான கையிருப்பு. அது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுவதால், வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது சக்கரம் ஒரு கணம் தொங்கிவிட்டுத் தொப்பென்று விழுகிறது.

இந்திய சாலைக் காங்கிரஸின் பரிந்துரைப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். அப்படி அமைந்த வேகத்தடையில் காயில்ஓவர் போட்ட காரும் பெருமையாகவே ஏறி இறங்கும். கணியம்பாடியிலிருந்து அமிர்திப் பக்கமோ, அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூருக்கோ போகும்போது, ஊருக்கு ஊர் ஆளுக்கொரு அளவில் குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்டு வைத்திருக்கும் தடைகளில்தான் சிக்கல். முதுகுவலிக்காகச் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் என் அம்மா, பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டியதும், "இன்னாடா இது, மாட்டு வண்டியாட்டம் குலுக்குது! அடுத்த தபா நான் பஸ்ஸுலயே வரேம்பா" என்றார். ஷாக்கின் மேலே உள்ள திருகியை எத்தனை கிளிக் தளர்த்தினாலும் இதற்குத் தீர்வில்லை. அது ஷாக்கின் இறுக்கத்தை மாற்றுமே தவிர ஸ்பிரிங்கை மென்மையாக்காது.

சாலை நன்றாக இருக்கும் இடத்தில் கதை வேறு. தேசிய நெடுஞ்சாலை 48-இல் வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளைக் கடந்து தடம் மாறும்போது கார் அலைவதே இல்லை. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் உடல் சாயாமல், ஸ்டியரிங் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்புகிறது. இந்தச் சுகத்துக்காகத்தான் இதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தச் சுகத்தில் எவ்வளவு காயில்ஓவருக்கு உரியது என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆம்பூரில் இருக்கும் என் மச்சானிடமும் அதே மாடல் ஸ்விஃப்ட் உண்டு. அவர் சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், நான்கு ஷாக் ஆகிய அனைத்தையும் கம்பெனி அளவிலேயே புதிதாகப் போட்டார். கூலியோடு சேர்த்து என் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஏலகிரி ஏற்றத்தில் இரண்டு கார்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். அவருடைய காரில் சாய்வு அதிகம் என்பது உண்மை. ஆனால் பழைய காருக்கே உரிய அந்த மிதப்பும், பிரேக் போட்டால் ஒருபக்கம் இழுப்பதும், பள்ளத்தில் கேட்கும் லொடலொடப்பும் அதிலும் அடியோடு போயிருந்தன. "காயில்ஓவர் போட்டதும் வண்டி புதுசாயிடுச்சு" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் உணர்வது புதிய ரப்பரையும் உயிருள்ள ஷாக்கையும்தான். வெடித்துப்போன லோயர் ஆர்ம் புஷ்ஷை அப்படியே விட்டுவிட்டுக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால், அந்த அதிர்ச்சியெல்லாம் புஷ்ஷுக்கே போய்ச் சேரும். நான் ரப்பர் வேலையை முடித்த பிறகே பெட்டியைப் பிரித்தேன்.

உயரத்தைக் குறைப்பது பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். நான் குறைத்தது இருபதுக்குள். அதற்கு மேல் இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்குவதால், வளைவில் காரைச் சாய்க்கும் விசை கூடும். காசு கொடுத்து வாங்கிய கடின ஸ்பிரிங்கின் பயனில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கெடும், அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். கார் படுத்துக் கிடந்தால் அழகு என்பவர்களோடு எனக்கு வாதமில்லை.

மலிவு விலையின் உண்மையான குணம் பராமரிப்பில்தான் வெளிப்படும். பாலாற்று மணலும் வெயில்காலத் தூசியும் மரைகளின் இடுக்கில் அடைந்து, ஐப்பசி மழையில் சேறாகி, பிறகு காய்ந்து கல்லாகிவிடுகின்றன. இரண்டாவது மழைக்காலம் முடிந்து உயரத்தை மாற்றப் போனபோது, முன்பக்க வளையம் இரண்டும் அசையவில்லை. சத்துவாச்சாரியில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில், இரவு முழுவதும் டீசலில் ஊறவைத்து, காலையில் கம்பி பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்து, வளையத்தைத் திருப்பும் சி ஸ்பேனரை மாட்டித் தட்டினார்கள். இரும்பு மரை தாக்குப்பிடித்தது. அலுமினிய வளையத்தின் பல் ஒன்று பெயர்ந்து வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் சக்கரத்தைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றி வைக்கிறோம். கம்பெனி ஸ்ட்ரட்டுக்கு இப்படி ஒரு பணிவிடை யாரும் செய்ததில்லை.

ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்டில் ரப்பருக்குப் பதிலாக வரும் உருண்டை வடிவ பேரிங்கும் அப்படித்தான். ஸ்டியரிங் துல்லியமாகிறது என்பது மெய். ஆனால் தூசி புகுந்ததும், காரை நிறுத்துவதற்காக மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் 'டக் டக்' என்ற ஓசை எழுகிறது. பேரிங் கடையில் அளவு சொல்லி மாற்று வாங்க முடிந்ததால் அது பெரிய செலவாகவில்லை.

ஷாக்குக்கு அந்த வழியில்லை. மூன்றாம் ஆண்டில் இடது முன் ஷாக்கின் சீலிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. உத்தரவாதம் ஓராண்டோடு முடிந்திருந்தது. விற்றவர்கள் ஒற்றை ஷாக் தர முடியாது, ஜோடியாகத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். அந்த ஜோடியின் விலையில் மச்சானின் காருக்கு நான்கு ஷாக்கும் வாங்கிவிடலாம். ஜோடி வந்து சேரும்வரை, பரணில் வைத்திருந்த கம்பெனி ஸ்பிரிங்குகளோடு புதிய ஷாக் இரண்டு வாங்கி மாட்டி, முன்பக்கம் மென்மையும் பின்பக்கம் கடினமுமாகச் சில வாரங்கள் மெதுவாக ஓட்டினேன். அம்மா தயக்கமில்லாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது அந்த நாட்களில்தான்.

வீட்டில் வேறொரு வண்டி இருந்து, நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும் ஓட்டுவதற்காகவே பழைய காரை வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை பட்டறையில் அரைநாள் நிற்கப் பொறுமையும் இருப்பவர் வாங்கலாம். அப்படி வாங்கினால், முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு நான்கு கிலோவுக்கு மேற்படாததாகவும், ஸ்பிரிங்கைத் தொடாமல் கீழ் பிராக்கெட்டில் உயரம் மாற்றக்கூடியதாகவும், ஷாக்கைத் தனியாக விற்கும் கடையிலிருந்து வந்ததாகவும் பார்த்து வாங்குங்கள். கழற்றிய ஸ்பிரிங், தாங்கி ரப்பர், மேல் மவுண்ட் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், நாளை காரை விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்த்து "ஒரிஜினல் எங்க சார்?" என்றுதான் கேட்பார்.