ஸ்டீமா, ஜிஓஜியா, கட்டற்ற கேமா: கடைக்காரர் மனம் மாறினால் கையில் என்ன மிஞ்சும்?

2024 அக்டோபரிலிருந்து கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் கட்டும் இடத்தில் புதிதாக ஒரு குறிப்பு தெரிகிறது. காசு கொடுத்து நீங்கள் பெறுவது அந்த கேமுக்கான உரிமம் மட்டுமே என்கிறது அது. கலிபோர்னியாவில் அப்போதுதான் ஒரு சட்டம் கையெழுத்தாகியிருந்தது. டிஜிட்டல் சரக்கை விற்பவர்கள் இதை மறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் கொஞ்சம் முன்னாலேயே ஒத்துப்போய்விட்டது. குறிப்புதான் புதிது, நிலைமை பழையது. ஸ்டீமின் ஒப்பந்தத்தில் நம்முடைய பெயரே சந்தாதாரர்தான்.

எந்தக் கடையில் கேம் வாங்குவது என்று பேச்சு எழுந்தால் பெரும்பாலும் தள்ளுபடியைச் சுற்றியே போகும். இங்கே வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரர் மனம் மாறினாலோ, கடையை விற்றாலோ, மூடினாலோ நம் கையில் என்ன மிஞ்சும்? ஸ்டீம், இன்னொரு கடையான ஜிஓஜி, கட்டற்ற கேம்கள் (நிரலை யாரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம் என்று விடப்பட்டவை) ஆகிய மூன்றையும் இதை வைத்துப் பார்க்கலாம். எபிக் என்ற கடை வாராவாரம் இலவசமாகக் கொடுப்பதை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் உரிமை விஷயத்தில் அது ஸ்டீம் போன பாதையில்தான் போகிறது. விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸுக்குச் சொந்தச் செயலிகூட அது தரவில்லை. அதனால் எபிக்கை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஸ்டீம்: வசதியில் அடித்துக்கொள்ள ஆளில்லை

2003-ல் வந்த கடை இது. அடுத்த வருடம் வெளியான ஹாஃப்-லைஃப் 2-ஐ ஆட ஸ்டீம் கட்டாயம் என்றபோது பலர் கொதித்தார்கள். இன்று அந்தக் கோபம் யாருக்கும் நினைவில்லை. நமக்கு 2015-லிருந்தே ரூபாயில் விலை தெரிகிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். சேவ் கோப்புகள் மேகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நிரல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் திறமூல ஆட்கள் ஸ்டீமைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். காரணம் புரோட்டான். விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேமை லினக்ஸில் ஓட வைக்கும் கருவி அது. 1993-லிருந்து தன்னார்வலர்கள் செதுக்கிவரும் வைன் மென்பொருளின் மேல் கட்டி, 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. வால்வ் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. விண்டோஸ் 8-ல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்ததும் வால்வின் தலைவர் கேப் நியூவெல் பதறினார், அந்த இயங்குதளமே கணினி உலகத்துக்குப் பேரழிவு என்று 2012-ல் வெளிப்படையாகவே சொன்னார். தப்பிக்க அவர் தேடிய வழி லினக்ஸ். 2022-ல் வந்த வால்வின் கையடக்க கேம் கருவி ஸ்டீம் டெக் லினக்ஸில்தான் ஓடுகிறது. சுயநலம்தான், இருந்தாலும் பலன் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஜிஓஜியில் வாங்கிய கேமை லினக்ஸில் ஓட்டுபவர்கள்கூட இந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

சரி, அளவுகோலுக்கு வருவோம். ஸ்டீம் செயலி 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. 2009-ல் ஒரு கேமை வாங்கி, அது அழகாக ஓடும் அதே பழைய கணினியை இன்னும் வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். கேமுக்கும் கணினிக்கும் ஒரு குறையும் இல்லை. நடுவில் நிற்கும் வாசல்காரர்தான் இனி பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார். ஸ்டீமில் இருக்கும் எல்லா கேமுக்கும் பூட்டு, அதாவது ஸ்டீம் அனுமதி இல்லாமல் ஓடவிடாத ஏற்பாடு, கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றை அதன் கோப்புறையிலிருந்து நேராகத் திறந்தாலே ஓடும். ஆனால் எது பூட்டியது, எது பூட்டாதது என்று கடைப் பக்கம் தெளிவாகச் சொல்வதில்லை.

இன்னொன்று, வாங்கிய பொருள் நம் கையில் இருக்கும்போதே மாறுவது. ஜிடிஏ 4 வெளிவந்து பத்து வருடம் ஆன 2018-ல் அதன் வானொலிப் பாடல்கள் பலவற்றின் உரிமம் காலாவதியானது. ஒரு அப்டேட் வந்து அந்தப் பாடல்களைத் தூக்கிவிட்டது. முன்பே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதே கதிதான். ரஷ்யப் பாடல்களுக்காகவே விளாடிவோஸ்டாக் எஃப்எம் வைத்துக்கொண்டு காரோட்டியவர்கள் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. அப்டேட்டே வேண்டாம், பழையதே போதும் என்று நிரந்தரமாகச் சொல்ல ஸ்டீமில் நேரான வழி இல்லை.

நீதிமன்றத்திலாவது ஏதாவது கிடைக்குமா என்று பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று முயன்றது. ஸ்டீமில் வாங்கியதை மறுவிற்பனை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2024-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் வால்வ் பக்கமே நின்றது. உயில் எழுதி வைத்தாலும் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் ஸ்டீமின் நிலைப்பாடு.

ஜிஓஜி: அதே உரிமம், ஆனால் பூட்டு இல்லை

போலந்தின் கேம் நிறுவனம் சிடி ப்ராஜெக்ட் 2008-ல் பழைய கேம்களுக்காகத் தொடங்கிய கடை. இங்கே வாங்கினால் ஒரு நிறுவல் கோப்பு கிடைக்கும். அதை வன்தட்டில் போட்டுப் பரணில் வைத்துவிடலாம். பத்து வருடம் கழித்து இணையமே இல்லாத கணினியில் நிறுவினாலும் யாரிடமும் அனுமதி கேட்காது. காசு திரும்பப் பெற 30 நாள் அவகாசம் உண்டு, இறக்கி ஆடியிருந்தாலும் பரவாயில்லை.

ஜிஓஜி ரசிகர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுவார்கள். சட்டப்படி ஜிஓஜி கொடுப்பதும் உரிமம்தான், உடைமை அல்ல. ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இரண்டு கடைக்கும் பெரிய தூரமில்லை. வித்தியாசம் முழுக்கத் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. ஸ்டீம் நினைத்தால் கேமைப் பறிக்க முடியும். ஜிஓஜி நினைத்தாலும், நீங்கள் ஏற்கெனவே இறக்கி வைத்ததைத் தொட முடியாது. சட்டத்தில் இல்லாத பாதுகாப்பை ஒரு சாதாரண கோப்பு தருகிறது.

"ஏற்கெனவே இறக்கி வைத்தது" என்பதைக் கவனியுங்கள். 2010 செப்டம்பரில் ஒரு நாள் ஜிஓஜி தளம் மூடப்பட்டது. இப்படியே தொடர முடியவில்லை என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. இறக்கி வைக்காதவர்கள் பதறிப்போனார்கள். சில நாள் கழித்துத் தளம் புதுக்கோலத்தில் திரும்பியது, மூடியதெல்லாம் விளம்பர நாடகமாம்! வாடிக்கையாளர் வயிற்றைக் கலக்கிய மட்டமான நாடகம் அது, நிறுவனமே பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் இந்தக் கடையில் வாங்குபவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஜிஓஜியில் வாங்கிவிட்டு, கோப்பை இறக்காமல் கணக்கிலேயே விட்டுவைப்பவருக்கும் ஸ்டீம்காரருக்கும் நடைமுறையில் வித்தியாசமே இல்லை. 2025 கடைசியில் சிடி ப்ராஜெக்ட் இந்தக் கடையை அதன் இணை நிறுவனர் மிஹாவ் கிச்சின்ஸ்கிக்கு விற்றுவிட்டது. நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதலாளி யார் என்று நான் யோசிக்க வேண்டியிருப்பதே, இறக்கி வைக்காதவற்றைப் பற்றி மட்டும்தான்.

கொள்கையில் ஜிஓஜி சறுக்கியதும் உண்டு. 2021-ல் ஹிட்மேன் கேமை விற்பனைக்கு வைத்தார்கள். இணையம் இல்லாவிட்டால் அதில் பாதி விஷயங்கள் திறக்காது. பூட்டில்லாத கடை என்று சொல்லிவிட்டு இதென்ன என்று வாங்கியவர்கள் மதிப்புரைகளில் காய்ச்சி எடுத்தார்கள். சில வாரங்களில் கேம் கடையிலிருந்து போனது. அதற்கு முந்தைய வருடம் நடந்தது இதைவிட மோசம். சீன அதிபரைக் கிண்டல் செய்யும் படம் ஒன்று உள்ளே இருந்ததால் சர்ச்சையில் சிக்கிய தைவான் கேம் டிவோஷன். அதை விற்கப்போவதாக அறிவித்த ஜிஓஜி, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. கேமர்கள் பலர் செய்தி அனுப்பினார்களாம், அதனால்தானாம். யாரும் நம்பவில்லை.

மற்றபடி, பெரிய கேம்கள் இங்கே தாமதமாக வரும் அல்லது வரவே வராது. ஸ்டீமுக்கு முதலில் அப்டேட் கொடுத்துவிட்டு ஜிஓஜியை மறந்துவிடும் தயாரிப்பாளர்களும் உண்டு. லினக்ஸ்காரர்கள் பலர் ஹீரோயிக் என்ற திறமூலச் செயலி வழியாகத்தான் ஜிஓஜி கேம்களை ஓட்டுகிறார்கள்.

கட்டற்ற கேம்கள்: பறிக்க ஆளே இல்லை

ஜிஓஜி விற்கும் பழைய கேம்கள் பல ஓடுவதே, பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ், ஸ்கம்விஎம் ஆகிய கட்டற்ற மென்பொருள்களால்தான். 1990-களின் சாகச கேம்களை இன்றைய கணினியிலும் கைப்பேசியிலும் ஓட்டும் ஸ்கம்விஎம், 2001-ல் ஸ்வீடன் இளைஞர் லுட்விக் ஸ்ட்ரிகியூஸும் ஒரு நண்பரும் தொடங்கியது. அதே ஸ்ட்ரிகியூஸ் கிறிஸ் சாயரின் போக்குவரத்து கேமான டிரான்ஸ்போர்ட் டைகூனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புரிந்துகொண்டு, 2004-ல் அதன் கட்டற்ற வடிவமான ஓபன்டிடிடியை வெளியிட்டார். முதலில் அதை ஆட அசல் கேமின் படங்களும் ஒலிகளும் தேவைப்பட்டன. தன்னார்வலர்கள் ஒவ்வொரு ரயிலையும் மரத்தையும் புதிதாக வரைந்தார்கள். 2010-ல் 1.0 பதிப்பு வந்தபோது அசல் இல்லாமலே ஆட முடிந்தது.

நிரல் வேறு, படமும் இசையும் வேறு என்பது இந்த உலகத்தில் நுழைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. துப்பாக்கிச் சண்டை கேமான டூமின் மூலநிரலை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1997-ல் வெளியிட்டது, 1999-ல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு மாற்றியது. கண்ட கண்ட கருவியிலெல்லாம் டூம் ஓடுவது அதனால்தான். ஆனால் அதன் அரக்கர்களும் அறைகளும் இன்றும் விற்பனைப் பொருள்தான். அதற்கு மாற்றாகத்தான் ஃப்ரீடூம் என்ற திட்டம் தனியாக நடக்கிறது.

இந்த வழியின் பலத்தைக் காட்ட நெக்ஸ்யூஸ் கதை போதும். ஜிபிஎல் உரிமத்தில் 2005-ல் வந்த துப்பாக்கிச் சண்டை கேம் அது. 2010-ல் அந்தப் பெயரை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்களித்தவர்கள் கொந்தளித்து, நிரலை எடுத்துக்கொண்டு ஸொனாட்டிக் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். பளபளப்பான வணிகப் பதிப்பு 2012-ல் வந்தது, அதை வெளியிட்ட டிஹெச்க்யூ அந்த வருட டிசம்பரிலேயே திவால் மனு கொடுத்தது. ஸொனாட்டிக்கை இன்றும் இறக்கி ஆடலாம்.

பலவீனமும் பெரிதுதான். கதை சொல்லும் பிரம்மாண்ட கேம் எதையும் இங்கே தேடாதீர்கள், கிடைக்காது. 2009-ல் திறமூலமான 0 ஏ.டி. அருமையான வரலாற்றுப் போர் கேம், ஆனால் 2025 ஜனவரியில் வந்ததுகூட 27-வது ஆல்பாதான், அதாவது முழுமையாகாத சோதனைப் பதிப்பு. எழுத்தாளருக்கும் நடிகருக்கும் இசைக்கலைஞருக்கும் வருடக்கணக்கில் சம்பளம் கொடுக்கும் வழியை இந்த உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் என் பங்கீடு இப்படி: தனியாக ஆடும் கேம் ஜிஓஜியில் இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் அங்கேதான். இல்லாவிட்டால் ஸ்டீம், அதுவும் முழு விலைக்கு இல்லை. நண்பர்களோடு காலத்துக்கும் ஆட வேண்டியதற்குக் கட்டற்றது.

மூன்றுக்கும் வெளியே: சர்வர்

ஆன்லைன் கேம்களில் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். கேம் கோப்பு நம்மிடம் இருந்தாலும் சர்வர் அவர்களிடம். 2020-ல் பப்ஜி மொபைல் இங்கே தடை செய்யப்பட்டபோது, காசு கொட்டி வாங்கிய உடைகள் என்னவாகும் என்று நம் பையன்கள் தவித்தது ஞாபகமிருக்கும். அது அரசாங்கம் செய்தது. கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் தானாகவே செய்தது. 2014-ல் விற்ற தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. தனியாக ஆடும் பகுதியும் அதோடு செத்தது. பிறகு, ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் நீக்கியது.

இதை எதிர்த்து யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டியது. சர்வரைக் காலமெல்லாம் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூலநிரலைக்கூடக் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. தி க்ரூ ரசிகர்கள் 2025-ல் சொந்தமாகவே ஒரு மாற்று சர்வரை எழுதி அந்தக் கேமை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். நிறுவனம் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் இத்தனை பாடு தேவையே இல்லை.

செலவு, பாதுகாப்பு என்று வெளியீட்டாளர்கள் தரப்பு பல காரணங்களை அடுக்குகிறது. கேமுக்குள் பிறரிடமிருந்து உரிமம் வாங்கிப் போட்ட நிரல்கள் இருக்கின்றன, அவற்றை எப்படி வெளியே கொடுப்பது என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் இதே சிக்கலை இரண்டு முறை தாண்டியிருக்கிறார். டூமின் ஒலி நிரல் வெளியாள் ஒருவருடையது, அதை விட்டுவிட்டு மற்றதைக் கொடுத்தார். ஆர்வலர்கள் ஒலிக்கு வேறு நிரல் எழுதிக்கொண்டார்கள். 2011-ல் டூம் 3-ன் நிரலை வெளியிடும் நேரத்தில், நிழல் வரையும் முறை ஒன்றுக்குக் காப்புரிமைச் சிக்கல் இருப்பதாக வழக்கறிஞர்கள் தயங்கினார்கள். அந்தச் சில வரிகளை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, அதே வருட நவம்பரில் வெளியிட்டார்.