வன்னிப் பட்டறைக்கு எது சரி: கிரைண்டரா, காஸா, பிளாஸ்மாவா?

வீட்டோடு சிறிய இரும்புப் பட்டறை வைத்திருப்பவர் உலோகம் வெட்டும் பிளாஸ்மா இயந்திரம் வாங்கப் போனால் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீற்றர் வெட்டும்?" என்பதைத்தான். கடைக்காரரும் அதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். எவ்வளவு அளவாக வெட்டும் என்று கேட்பவர் குறைவு. துண்டு 2 மில்லிமீற்றர் பிசகி, ஓரமும் சாய்ந்துபோனால், மிச்ச நேரமெல்லாம் அராவுவதிலேயே போய்விடும். ஆகவே கிரைண்டர், காஸ், பிளாஸ்மா என்ற மூன்று வெட்டு முறைகளையும் இங்கே அளவுச் சுத்தம் என்ற ஒரே கண்ணால் பார்க்கிறேன். என் மனதில் இருப்பது இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பட்டறை. கேட், கிரில், உழவு இயந்திரப் பெட்டி, சேற்று உழவுக்கான இரும்புச் சில்லு, இடையிடையே கலப்பை திருத்தம் என்று வேலை வரும் இடம்.

நேர்கோடு என்றால் கிரைண்டர்தான். 1 மில்லிமீற்றர் வெட்டுத் தட்டைப் போட்டு, கோடு கீறி, பொக்ஸ் பாரையோ அங்கிள் இரும்பையோ அறுத்தால் அரை மில்லிமீற்றருக்குள் நிற்கும். சூடு குறைவு, தகடு நெளியாது, ஓரத்தில் உருகி ஒட்டும் கசடும் இல்லை. கேட்டும் கிரில்லும் மட்டுமே செய்பவர் பிளாஸ்மாவுக்குப் பணம் போடத் தேவையில்லை. அதன் குறை வளைவில் தெரியும். வளைவைச் சிறு சிறு நேர்வெட்டாக அறுத்துப் பிறகு தேய்க்க வேண்டும். 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தகட்டில் தட்டுகள் கரைந்துகொண்டே போகும். வெட்டுக்குள் இறுகிய தட்டு கையை உதறி அடிக்கும் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

காஸ் வெட்டு தடித்த இரும்புக்கு உரியது. இரும்பை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒக்சிஜனைப் பாய்ச்சி அந்த இரும்பையே எரிய வைக்கிற முறை அது. 20, 25 மில்லிமீற்றர் தகட்டிலும் பழகிய கை நல்ல ஓரத்தை எடுத்துவிடும். 3 மில்லிமீற்றர் தகட்டில் அதே கை தோற்கும், ஏனென்றால் சூடு பரவித் தகடு அப்பளம்போல நெளிந்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகையும் அலுமினியத்தையும் அது வெட்டாது. மின்சாரம் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதையும், அதே ஆண்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும் பார்த்த பிறகு, இரண்டில் எதையும் முழுதாக நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிப் பிளாஸ்மா. மின்வில்லைச் சிறு துவாரத்துக்குள் நெருக்கி, காற்றோடு வெளியே தள்ளி, 20,000 பாகை வரையான சூட்டில் உலோகத்தை உருக்கி ஊதிவிடுகிறது. மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் அதற்கு ஒன்றுதான். 40 அம்பியர் இயந்திரத்துக்கு 10 மில்லிமீற்றர் வரையான மென்னிரும்பு வசதியான வேலை. வெட்டுத் தடம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் அகலம் இருக்கும்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. டோர்ச்சுக்குள், அதாவது கையில் பிடித்து வெட்டும் முனைக்குள், காற்று சுழன்றபடி வெளியே வருகிறது. பெரும்பாலானவற்றில் அது வலஞ்சுழி. அதனால் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம் செங்குத்தாகவும் இடப்பக்க ஓரம் சாய்வாகவும் அமையும். நமக்கு வேண்டிய துண்டு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வட்டத் தகடு எடுக்க வலஞ்சுழியாகவும், தகட்டில் துளை எடுக்க இடஞ்சுழியாகவும் சுற்ற வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஓரமோ உடனே மாறிவிடும்.

அடுத்தது வழிகாட்டி. வெறும் கையால் வெட்டிய கோடு எவ்வளவு பழகியவருக்கும் அலையும். உழவு இயந்திரப் பெட்டியின் கொழுக்கித் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 8 மில்லிமீற்றர் தகடு, ஒரு முனை அரைவட்டம். ஒட்டுப்பலகையில் அரைவட்ட அச்சு வெட்டித் தகட்டில் இறுக்கி, டோர்ச் மூடியை அதன் ஓரத்தில் உரசவிட்டு ஓட்ட வேண்டும். மூடியின் விட்டம் 20 மில்லிமீற்றர் என்றால் வெட்டின் நடுக்கோடு அச்சிலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளி விழும். தடத்தின் பாதியையும் சேர்த்துக் கணக்கிட்டு அச்சைச் சிறிதாக்கினால் துண்டு கேட்ட அளவில் வரும். வேகத்தைக் கசடு சொல்லிக்கொடுக்கும். மெதுவாகப் போனால் அடியில் தடித்த கசடு சேரும், சுத்தியலால் தட்டினால் உதிரும். வேகம் கூடினால் மெல்லிய கசடு இறுகி ஒட்டிக்கொள்ளும், அதை அராவித்தான் எடுக்க வேண்டும்.

ஆணி போடும் துளைகளைப் பிளாஸ்மாவிடம் விடாதீர்கள். தகட்டின் தடிப்பை விடச் சிறிய துளை ஒருபோதும் ஒழுங்காக வராது. காற்றில் உள்ள நைதரசன் ஓரத்தை இறுக்கிவிடுவதால் பின்னர் துரப்பணமும் மழுங்கும். வெல்டிங்கில் ஒட்டப்போகும் ஓரத்தையும் முதலில் இலேசாக அராவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டில் நுண்துளைகள் விழும்.

வன்னியில் பிளாஸ்மாவின் உண்மையான எதிரி ஈரம். காலபோக (மழைக்கால நெற்செய்கை) உழவுக்கு முன்னும் பின்னும்தான் பட்டறையில் வேலை குவிகிறது, வாடைக்காற்றோடு மழை தொடங்குவதும் அப்போதுதான். காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரின் தாங்கிக்குள் நீர் தேங்கி டோர்ச்சுக்குப் போனால், மின்வில் கிளம்பும் எலக்ரோட்டின் நுனியில் உள்ள ஹஃப்னியம் என்ற உலோகம் விரைவில் குழிவிழும், மின்வில் வெளியே வரும் நொசிலின் துவாரம் நீள்வட்டமாகும், வெட்டு ஒரு பக்கம் சாயும். ஓரம் திடீரென்று சாயத் தொடங்கினால் கையைச் சந்தேகிக்க முன் நொசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாங்கியின் நீரைத் தினமும் திறந்துவிடுங்கள். டோர்ச்சுக்கு முன் நல்லதொரு நீர் வடிகட்டி பூட்டுங்கள். கூடுதல் அம்பியருக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போடுவதுதான் என் கட்சி.

மின்சாரக் கணக்கும் முக்கியம். நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் சிங்கிள் பேஸ், 30 அம்பியர். 40 அம்பியரில் வெட்டும்போது இயந்திரம் மட்டும் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். கொம்பிரசரும் கூடவே ஓடினால் எல்லையைத் தொட்டுவிடும். நீண்ட மெல்லிய வயரில் இழுத்து ஓட்டினால் மின்வில் அடிக்கடி அறுந்து ஓரத்தில் பல் விழும்.

கணினியே டோர்ச்சை ஓட்டும் வெட்டு மேசை அரை மில்லிமீற்றருக்குள் நிற்கும், பூவேலைக் கேட் தொடர்ந்து கேட்டு வந்தால் கட்டுப்படியாகும். அதற்கு மின்வில்லை உயர் அதிர்வெண் மின்சாரத்தால் பற்றவைக்கும் டோர்ச் வேண்டாம், அது கணினியைக் குழப்பும்.

எந்த முறையானாலும் இதை மறக்கக் கூடாது: போர்க்காலப் பழைய இரும்பில், என்னவென்று தெரியாத, வாய் மூடிய குழாயிலோ உருளையிலோ எந்த வெட்டுக் கருவியையும் வைக்காதீர்கள். தொடாமல் விலகி, பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். எண்ணெய் இருந்த பீப்பாயும் வெறுமையாகத் தெரிந்தாலும் வெடிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டைத் திறந்த வெளியில், புகை முகத்தில் படாத பக்கம் நின்று வெட்டுங்கள்.

பெட்டி, சில்லு, கலப்பை வேலை கலந்து வருபவருக்கு என் தேர்வு கிரைண்டரோடு 40 அம்பியர் பிளாஸ்மா. 15 மில்லிமீற்றருக்கு மேல் அடிக்கடி வந்தால் காஸையும் கைவிடாதீர்கள். வாங்கும் கடையிலேயே 6 மில்லிமீற்றர் தகட்டை வெட்டச் சொல்லி, இரண்டு ஓரத்திலும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அந்த டோர்ச்சுக்கான நொசிலும் எலக்ரோட்டும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எப்போதும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்காது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம்.