ராயபுரம் ஞாயிறு ஹோமர் வகுப்பு: பாடம் அருமை, நகல் தாள் சொதப்பல்

கல்மண்டபம் பக்கம் ஒரு மாடி அறையில் நடக்கும் ஆறு வார வகுப்பு. பழங்காலக் கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் (ட்ராய் போர்க்கதை), ஒடிசி (போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் கதை) இரண்டிலும் தெய்வம் மனிதனுக்கு வழி சொல்லும் கட்டங்களை மட்டும் எடுத்துத் தமிழில் விளக்குகிறார்கள். இரண்டும் சேர்த்தால் 48 காண்டம், 27,000 அடிகளுக்கு மேல். அத்தனையையும் தொட ஆசைப்படாததே புத்திசாலித்தனம்.

முதல் வாரம் பிரமாதம். இலியட்டில் கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னானை வெட்ட, அதே படையின் பெரிய வீரன் அக்கிலீஸ் வாளை உருவும்போது, அதீனா என்ற பெண் தெய்வம் பின்னால் வந்து அவன் தலைமுடியைப் பிடிக்கிறாள். வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கத்தி வேண்டாம், பின்னால் மூன்று மடங்கு பரிசு வரும் என்கிறாள். அதையும் நீ கேட்பதாக இருந்தால் என்று சொல்லித்தான். ஒடிசியில் மென்டஸ் என்ற குடும்ப நண்பன் வேடத்தில் வந்து ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸிடம் அவள் பேசுவது இன்னும் கறார். அப்பாவைப் பற்றி விசாரிக்க 20 பேர் துடுப்பு போடும் கப்பல், முதலில் பைலாஸில் அரசன் நெஸ்டர், பிறகு ஸ்பார்ட்டாவில் அரசன் மெனலாஸ். அப்பா உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால் ஒரு வருஷம் பொறு. இல்லையென்றால் ஈமக்கடன் முடித்து அம்மாவுக்கு மறுமணம் செய்து வை. ஆசீர்வாதம் பண்ணிவிட்டு மறைகிற சாமி இல்லை இவள்.

காசிமேட்டுக்காரர்கள் சிலர் வருவதால் ஒடிசி 5-ம் காண்டம் களைகட்டுகிறது. புயலில் மாட்டிய ஒடிசியஸிடம், தெப்பத்தை விட்டு நீந்து, இந்தத் துணியை மார்பில் கட்டிக்கொள், கரை சேர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலிலேயே எறிந்துவிடு என்கிறாள் கடல் தெய்வம் லூக்கோத்தியா. ஒடிசியஸ் உடனே நம்புவதில்லை. மரங்கள் பிணைந்திருக்கும்வரை இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான்; பெரிய அலை தெப்பத்தைச் சிதறடித்த பிறகுதான் துணியைக் கட்டுகிறான். கடல் தெரிந்தவர்கள் அவன் பக்கம்தான்.

சறுக்கல் இலியட்டின் ஹெக்டர் வாரத்தில்; ஹெக்டர் ட்ராய் படைத் தலைவன். பாம்பைக் கவ்விய கழுகு இடப்பக்கம் பறக்க, அவன் படையிலுள்ள பொலிடாமஸ் சகுனம் சரியில்லை என்கிறான், ஹெக்டர் தட்டிவிடுகிறான். அதைத் 'திமிர்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். 11-ம் காண்டத்தை விட்டுவிட்டதால் வந்த கோளாறு இது. அதில், தூது தெய்வம் ஐரிஸ் மூலம், தெய்வங்களின் அரசன் ஸீயஸே அவனுக்கு வெற்றி வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் கிரேக்கர்களின் கப்பல்களை எட்டி, சூரியன் மறையும்வரைதான். 12-ல் அவன் பிடித்துத் தொங்குவது உண்மையான தெய்வவாக்கைத்தான். 18-ல் பொழுது சாய்ந்த பிறகும், ஊருக்குள் போய்விடலாம் என்ற பொலிடாமஸின் பேச்சைத் தள்ளுகிறானே, வினை அங்கேதான். காலாவதியான வாக்கை வைத்துக்கொண்டு படையை வெளியே நிறுத்துகிறான்.

டெல்ஃபி கோயிலில் குறி சொல்லும் பூசாரிணிக்கு அரை மணி நேரம் கொடுத்ததும் வீண். ஹோமரில் அவள் வருவதே இல்லை. பைத்தோவில் (டெல்ஃபிதான்) அகமெம்னான் குறி கேட்டதாக ஒடிசி 8-ல் சின்னக் குறிப்பு, அவ்வளவுதான்.

பெரிய தொல்லை நகல் தாள். உரைநடை மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்ததால் அடி எண் கிடையாது. ஆசிரியர் '207-ம் அடி' என்றதும் ஆளுக்கொரு பக்கம் புரட்டுகிறார்கள். அடி எண் போட்ட பதிப்பு எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள். கன்டெய்னர் லாரி சத்தம் அறைக்குள் நன்றாகவே கேட்கும்; ஜன்னல் ஓரம் உட்கார வேண்டாம். ஹெக்டர் வாரத்துக்கு முன் இலியட் 11, 12, 18 மூன்றையும் வீட்டிலேயே படித்துவிட்டால் கேள்வி கேட்க வசதி. கேள்வி கேட்டால் ஆசிரியர் முகம் சுளிப்பதில்லை.