காசா: பாளையங்கோட்டை மாடியிலிருந்து ஒரு மதிப்புரை

பல ஆன்டெனாக்களை ஒரே தொலைநோக்கிபோல இணைக்கும் ரேடியோ குறுக்கீட்டுமானியின் தரவைத் திருத்தும் இலவச மென்பொருள் காசா (CASA). புனே பக்கமுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பழைய தரவை எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் வைத்து இதில்தான் திருத்துகிறேன். அதன் 30 ஆன்டெனாவை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடிகள், தரவும் ஜோடிவாரியாகத்தான் வரும். ஆனால் காசாவின் 'கெயின்கால்' என்ற கட்டளை ஜோடிக்கு ஜோடி மல்லுக்கட்டாமல் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா பிழையைக் கண்டுபிடிக்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த, 3சி 286 என்ற குவாசர் போன்ற வான்பொருள்தான் இதற்கு அளவுகோல். திருத்தக் கணக்கு ஒவ்வொன்றும் தனி அட்டவணையாக டிஸ்கில் விழும், மூலத் தரவு அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் கரண்ட் போனாலும் முடித்த படிகள் போகாது. அப்புறம், தரவில் பதிந்த செல்போன் இரைச்சலை முதலில் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் விடை கோணல்தான். விண்டோஸ்காரர்கள் லினக்ஸ் போட்டாக வேண்டும். அதற்காக அரை மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நாலரை.