தானே கிருமி நீக்கும் கழிவறைக் கருவிகள்: எது வாங்கத் தக்கது?

கழிவறைக் கோப்பையைத் தானாகவே கிருமி நீக்கம் செய்து தரும் என்ற உறுதிமொழியோடு இப்போது பல வகைக் கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. ஃப்ளஷ் தொட்டிக்குள் போட்டுவிடும் வில்லை, தொட்டியின் மெல்லிய குழாயோடு இணைக்கும் மருந்துக் குப்பி, மின்கலத்தில் இயங்கிச் சொட்டு மருந்து விடும் பெட்டி, மூடிக்குள் புற ஊதா விளக்கு பொருத்திய இருக்கை, தண்ணீரையே மின்சாரம் பாய்ச்சி மின்னாற்பகுத்துத் தெளிக்கும் இருக்கை என்று அவற்றின் வரிசை நீளமானது. வேலை செய்யும் முறையிலும் பயனிலும் தொட்டிக்கு விளைவிக்கும் கேட்டிலும் இவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதால், எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவது வாங்குபவருக்கு நன்மை தராது. ஒவ்வொன்றையும் மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மருந்து கோப்பைக்கு எப்போது வந்து சேர்கிறது, வந்த பிறகு எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது?

கிருமிநாசினி எதுவாக இருந்தாலும் அது பட்ட உடனே வேலை முடிந்துவிடுவதில்லை. பிளீச் திரவப் புட்டிகளின் பின்பக்கத்தைப் படித்தால், ஊற்றிவிட்டுச் சில நிமிடங்கள் விடவேண்டும் என்ற குறிப்பு இருக்கும். பெரும்பாலும் அது ஐந்திலிருந்து பத்து நிமிடம் வரை இருக்கும். அந்த இடைவெளி கிடைக்காமல் தண்ணீரோடு அடித்துச் செல்லப்படும் மருந்து, எவ்வளவு வீரியமுள்ளதாக இருந்தாலும், சாக்கடைக்குத்தான் பயன்படுகிறது. வெறும் ஃப்ளஷ் மட்டும் கோப்பையைத் தூய்மையாக்கிவிடும் என்ற நம்பிக்கையும் சரியானதல்ல. நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பாவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், கோப்பைக்குள் விடப்பட்ட பாக்டீரியாவும் வைரஸும் திரும்பத் திரும்ப ஃப்ளஷ் செய்த பின்னரும் முற்றிலும் நீங்கவில்லை என்றும், பீங்கான் சுவரில் ஒட்டிக்கொண்டவை சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் மீண்டும் வந்துகொண்டிருந்தன என்றும் காட்டினார்கள். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி, மூடியில்லாத ஒரு கழிப்பீடத்திலிருந்து எழும் நுண்துளிகள் சுமார் எட்டு வினாடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரம் வரை செல்வதைப் படமாகவே பதிவு செய்தார்கள். இருக்கையின் மூடியைக் கவிழ்த்துவிட்டு ஃப்ளஷ் செய்தாலும், சுற்றியுள்ள பரப்புகளில் வைரஸ் படிவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு சொல்கிறது. ஆகவே, அடுத்த ஃப்ளஷ் நிகழும் முன்பே கோப்பைத் தண்ணீரில் இருக்கும் கிருமிகளைக் குறைத்து வைப்பதுதான் இந்தக் கருவிகளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய உண்மையான பணி.

இந்த அளவுகோலில் முதலில் தோற்றுப்போவது தொட்டிக்குள் நேரடியாகப் போடும் குளோரின் வில்லை. கால்சியம் ஹைப்போகுளோரைட், ட்ரைகுளோரோஐசோசயனூரிக் அமிலம் போன்ற சேர்மங்கள் அதில் இருக்கின்றன; அவை மெய்யாகவே கிருமிகளைக் கொல்லும் பொருள்கள்தாம். ஆனால் அவை தொட்டித் தண்ணீரில் இரவு முழுவதும் கரைந்து, அந்தச் செறிந்த கரைசல் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் வால்வையும் வாஷர்களையும் இடைவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்கிறது. ரப்பர் முதலில் உப்பி, பிறகு கையில் கரி ஒட்டுவதுபோலக் கறுப்பு ஒட்டத் தொடங்கி, கடைசியில் சரியாக மூடாமல் தண்ணீரைக் கசியவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பல நாட்கள் வெளியூர் சென்றிருக்கும் காலத்தில், யாரும் ஃப்ளஷ் செய்யாததால் தொட்டிக்குள் குளோரினின் செறிவு இன்னும் கூடுகிறது. தொட்டி உறுப்புகளைத் தயாரிப்பவர்கள் பலர், இத்தகைய வில்லையைப் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று அச்சிட்டே தருகிறார்கள். இந்தக் கேடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும், மருந்தில் பெரும்பகுதி ஃப்ளஷ் தண்ணீரோடு சேர்ந்து கழிவுக்குழாய்க்குள் போய்விடுகிறது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் மனமாரப் பரிந்துரைக்கும் வகை, தொட்டித் தண்ணீரைத் தொடாமல் கோப்பைக்கு மட்டும் மருந்து அனுப்பும் குப்பி. தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் நிரப்பும் வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, மிகுதி நீர் வழிந்து போக நடுவில் நிற்கும் வழிகுழாய்க்குள் தலை நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஃப்ளஷ் முடிந்து தொட்டி மீண்டும் நிரம்பும் நேரத்தில், அந்த மெல்லிய குழாய் வழியாகச் சிறிதளவு தண்ணீர் கோப்பைக்குள் இறங்கி, அங்கே நாற்றத்தைத் தடுக்க நிற்கவேண்டிய நீரை நிரப்புகிறது. இந்தக் கருவி செய்வதெல்லாம், அந்தக் குழாயின் இடையில் ஒரு குப்பியைப் புகுத்தி, கோப்பைக்குப் போகும் தண்ணீர் மருந்தின் மேல் பட்டுச் செல்லும்படி செய்வதுதான். இதன் அருமை காலக் கணக்கில் இருக்கிறது: அழுக்கெல்லாம் அடித்துச் செல்லப்பட்ட பிறகே மருந்து கலந்த தண்ணீர் வருகிறது, வந்த தண்ணீர் அடுத்த ஃப்ளஷ் வரை கோப்பையிலேயே தங்குகிறது. தொட்டியின் ரப்பருக்கோ மருந்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், குழாயை அறுத்து மாற்றும் வேலையும் வேண்டாம். பொருத்துவதற்குப் பிளம்பரை அழைக்கத் தேவையில்லாத அளவுக்கு எளிமையானது.

இதற்கும் எல்லைகள் உண்டு. குழாய் வழியே வரும் தண்ணீரின் ஓட்டம் மெதுவாக இருப்பதால், அது விளிம்பின் துளைகளிலிருந்து ஒழுகிச் சுவரின் சில பகுதிகளை மட்டுமே நனைத்துக்கொண்டு கீழே தேங்குகிறது. எனவே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் படியும் பழுப்பு வளையத்தை இது நன்றாகத் தடுக்கிறது. விளிம்பின் அடிப்பக்கத்தில் வளரும் வழுவழுப்பான உயிர்ப்படலத்தையும் (பாக்டீரியா கூட்டமாக ஒட்டி வளரும் படலம்) அதன்மேல் படியும் உப்புக்கறையையும் பெரும்பாலும் தொடுவதில்லை. உப்புக்கறை ஒருமுறை கெட்டிப்பட்டுவிட்டால் அதன் நுண்துளைகளுக்குள் பாக்டீரியா பாதுகாப்பாக ஒளிந்துகொள்ளும். அங்கே பிரஷ் போட்டுத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாகப் பொருத்துபவர்கள் முதலில் கோப்பையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகு கருவியை இணைப்பதே முறை. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டில் பகல் நேரத்தில் மருந்துக்குத் தங்கும் இடைவெளி குறைவாகவே கிடைக்கும். மேலும், சிறுநீரில் உள்ள அம்மோனியா போன்ற பொருள்கள் குளோரினை விரைவில் செலவழித்துவிடும். இரவில் வீடு உறங்கும் நேரத்தில்தான் இந்தக் கருவி தன் முழுப் பலனைத் தருகிறது.

மின்கலமோ மோட்டாரோ இல்லாமல் அளவாக மருந்து விடும் இன்னொரு பழைய வகையும் உண்டு. தொட்டிக்குள் தொங்கவிடும் அந்தக் குப்பியில், தண்ணீர் மட்டம் இறங்கும்போது உள்ளே அடைபட்டிருந்த காற்று விலகி, குறிப்பிட்ட அளவு கரைசல் மட்டும் வெளியேறும். மட்டம் ஏறும்போது குப்பி மறுபடி நிரம்பிக் காற்றால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஃப்ளஷ் நிகழாத வேளையில் மருந்து தொட்டிக்குள் கசியாது என்பதால் வில்லையைவிட இது எவ்வளவோ மேலானது. இயற்பியலின் எளிய விதி ஒன்றை இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்தியிருப்பதை நான் மதிக்கிறேன். ஆயினும் மருந்து ஃப்ளஷ் தண்ணீரோடு கலந்தே கோப்பைக்கு வருகிறது. அதன் கடைசிப் பகுதிதான் அங்கே தங்குகிறது.

மின்கலத்தில் இயங்கும் பெட்டிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஃப்ளஷ் ஓசையையோ ஆள் விலகுவதையோ உணர்ந்து, சிறிய பம்பு மூலம் மருந்தைத் தெளிப்பது நல்ல எண்ணம்தான். அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதும், ஃப்ளஷ் முடிந்த பிறகு தெளிப்பதும் அதன் நிறைகள். ஆனால் கழிவறையின் ஈரமும் குளோரின் ஆவியும் சேர்ந்து மின்கலம் தொடும் உலோகத் தகடுகளை அரித்துவிடுகின்றன. தெளிப்பு முனையில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், உள்ளே பம்பு ஓடும் சத்தம் கேட்கும், மருந்து வராது. அதைக் கவனிக்க ஒருவர் எப்போதும் இருக்கும் அலுவலகத்திற்கும் மருத்துவமனைக்கும் இவை பொருந்தலாம். வீட்டில் கவனம் குறைந்தால் வெறும் அலங்காரமாகிவிடும்.

இந்த இடத்தில் நிறத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோப்பைத் தண்ணீர் நீலமாக இருந்தால் கிருமி நீங்கிவிட்டது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். நீலம் என்பது சாயம் மட்டுமே. அதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் கிடையாது. விளிம்பில் கொக்கியிட்டு மாட்டும் கட்டிகளில் பல, சோப்பு போன்ற நுரைபொருளும் மணமும் சாயமும் மட்டுமே கொண்டவை. அவை கோப்பையைக் கறை படியாமல் வைத்துக்கொள்ளலாம், மணக்கச் செய்யலாம். ஆனால் அது கிருமி நீக்கம் ஆகாது. உறையின் முன்பக்கத்து வாசகத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் செயல்படும் பொருள் என்று எது குறிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் படவேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்த இரண்டும் இல்லையென்றால் அதைக் கிருமிநாசினி என்று நம்பி வாங்காதீர்கள்.

புற ஊதா விளக்குள்ள இருக்கைகளிலும் இதே மயக்கம் உண்டு. பாதரச விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளத்திலும், எல்இடி விளக்குகள் ஏறத்தாழ 265 முதல் 280 வரையிலும் கதிர் வீசி, கிருமிகளின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது; நாம் பார்க்கும் நீல ஒளி அதன் துணைவிளைவோ, அழகுக்காகச் சேர்த்த விளக்கோதான். பாதரச விளக்கு பழசாகும்போது நீல ஒளி அப்படியே இருக்கும்போதே கிருமி கொல்லும் கதிர் தேய்ந்துபோயிருக்கலாம். கதிர் நேர்கோட்டில் செல்வதால், விளிம்பின் அடிப்பக்கமும் இருக்கையின் கீல்களும் எப்போதும் நிழலிலேயே இருக்கும். கலங்கிய தண்ணீருக்குள்ளும் அது ஆழமாகப் புகாது. இருக்கையின் மேற்பரப்பைப் பொறுத்தவரை மட்டும் இதற்கு ஓரளவு மதிப்புத் தரலாம். கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது என்பதால், மூடியைத் தூக்கிய கணமே விளக்கு அணையும் ஏற்பாடு இல்லாத எந்தக் கருவியையும், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், நுழையவே விடக் கூடாது. ஒளி தொடர்ந்து படும் பிளாஸ்டிக் காலப்போக்கில் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை அடைவதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விலையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு மின்னாற்பகுப்பு இருக்கைகளே மிகச் சிறந்த தேர்வு என்று கருதுகிறேன். ஜப்பானின் டோட்டோ நிறுவனம் தன் இருக்கைகள் சிலவற்றில் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் குளோரைடு அயனிகள் மின்வாய்களில் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறி, பயன்பாட்டிற்குப் பிறகு கோப்பைச் சுவரில் தெளிக்கப்படுகின்றன. தன் வேலையை முடித்ததும் அது மீண்டும் சாதாரணத் தண்ணீராகிவிடுகிறது. வாங்கி வைக்கவோ நிரப்பவோ மருந்து எதுவும் இல்லை. பயன்பாட்டிற்கு முன்பே கோப்பையை நனைத்துவிடும் ஏற்பாடும் சேர்ந்திருப்பது இன்னும் நல்லது, ஏனெனில் நனைந்த பீங்கானில் அழுக்கு எளிதில் ஒட்டாது. கழிவறைக்குள் பாதுகாப்பான மின் இணைப்பு வேண்டும் என்பதும், கடினநீர் உள்ள இடங்களில் உப்புப் படிவு தொல்லை தரும் என்பதும் இதன் குறைகள்.

எந்தக் கருவியை வாங்கினாலும் ஒரு விஷயத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குளோரின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைக்குள் ஆசிட் வகைத் துப்புரவுத் திரவத்தை ஊற்றினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மோனியா கலந்த திரவங்களும் அதனோடு சேரக் கூடாது. கறை நீக்க ஆசிட் ஊற்றியே ஆகவேண்டும் என்றால், முதலில் குப்பியைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டுப் பல முறை ஃப்ளஷ் செய்த பிறகே ஊற்ற வேண்டும். வீட்டில் துப்புரவு செய்ய வருபவருக்குத் தொட்டிக்குள் குப்பி இருப்பதே தெரியாது; மூடியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது நம் கடமை. தீர்ந்துபோன குப்பியில் நீச்சல் குளத்து வில்லைகளைப் போட்டுச் சிக்கனம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ட்ரைகுளோரோஐசோசயனூரிக் அமிலமும் ஈரத்தில் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும் என்பதால், அந்தக் குப்பிக்கென்றே விற்கப்படும் மருந்தைத் தவிர வேறெதையும் அதில் நிரப்பாதீர்கள்.

கழிவுநீர் செப்டிக் தொட்டிக்குச் செல்லும் வீடுகளில், அங்கே கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவும் அளவுக்கு மீறிய குளோரினால் பாதிக்கப்படும். குறைந்த அளவில் மருந்து விடும் குப்பியே அவர்களுக்கு ஏற்றது. சுவருக்குள் மறைத்துக் கட்டிய தொட்டி உள்ளவர்களுக்கு மேலே சொன்ன குப்பியைப் பொருத்துவது பெரும்பாலும் முடியாத வேலை. சிலவற்றில் ஃப்ளஷ் பொத்தானின் தகட்டுக்குப் பின்னால் துப்புரவுக் கட்டியை வைக்க ஓர் அறை இருக்கும். அதிலும் குளோரின் கலந்த கட்டியைப் போடக் கூடாது. தொட்டியே இல்லாமல் அழுத்தக் குழாயில் நேரடியாக ஃப்ளஷ் ஆகும் கழிப்பீடங்களுக்கும் இந்தக் குப்பி பொருந்தாது. இத்தகைய வீடுகளில், மின்னாற்பகுப்பு இருக்கை வாங்க இயலாவிட்டால், இரவு படுக்கப் போகும் முன் கிருமிநாசினியை விளிம்பைச் சுற்றிக் கையால் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, பிரஷால் தேய்த்து ஃப்ளஷ் செய்வது, கடையில் கிடைக்கும் பாதிக் கருவிகளைவிடச் சிறந்த பலனைத் தரும்.